வாக்காளர் இடாப்பும் வாலிபர் சங்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கத்தார் நமக்களித்த தலைப்பு "இளைஞரும் நாட்டுப்பணியும்" என்பது. அத்துணை பெரிய தலைப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவது எளிது. பேசி முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வாக்காளர் இடாப்பு, வாக்குச்சீட்டு, வாக்களித்த பின்னர் வரும் ஐந்தாண்டு ஆகிய இம்மூன்றிலும் கட்சி சாராத ஓர் இளைஞர் சங்கம் செய்யக்கூடியது என்ன என்பதே நாம் பேச வந்த பொருள். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதைப்பற்றி இங்கு ஒரு சொல்லும் வராது. அதை எதிர்பார்த்து முன்வரிசையில் வந்தமர்ந்திருப்போர் நம்மைப் பொறுத்தருள்க.

ஒரு கணக்கோடு தொடங்குவோம். 2024 ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள் இருமுறை வாக்களித்தார்கள். செப்டெம்பர் 21 ஆந் திகதி சனாதிபதித் தேர்தல். நவம்பர் 14 ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல். இடையிலே ஐம்பத்துநான்கு நாட்கள். முதல் தேர்தலில் 13,619,916 பேர் வாக்களித்தனர். அவற்றுள் நிராகரிக்கப்பட்டவை 300,300. இரண்டாவது தேர்தலில் வாக்களித்தோர் 11,815,246 பேர்தாம், நிராகரிக்கப்பட்டவையோ 667,240. வாக்களித்தோர் தொகை பதினெட்டு இலட்சத்தால் குறைந்தது. பழுதான சீட்டுகளின் தொகை இரண்டு மடங்குக்கு மேலாக உயர்ந்தது. நம் திருக்கோணமலை மாவட்டத்து வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்கள் மூன்று இலட்சத்துச் சொச்சம். அவை முழுவதையும் இருமுறை எடுத்துக் குவித்தாலும் அந்த 667,240 நிரம்பாது. இரண்டு திருக்கோணமலைகள் வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு, வெறுங்கையோடு வீடு திரும்பியதற்கு ஒப்பாகும் இது. 2020 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் இத்தொகை இதனினும் கூடுதலாக, 744,373 ஆக இருந்தது.

வெறுப்பினால் வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவரும் இத்தொகையில் உளர். அது அவர்கள் உரிமை, அவர்களை விட்டுவிடுவோம். ஆனால் அதே மக்கள் இரண்டு மாதத்திற்கு முன்னர் ஒழுங்காகக் குறித்தார்களே! முறை மாறியதுதான் பெருங்காரணம் என்பது நம் துணிபு. சனாதிபதித் தேர்தலில் 39 பெயர்கள் கொண்ட நீண்ட சீட்டிலே விரும்பியவருக்கு நேரே 1 என்று இலக்கமிடலாம். அடுத்த விருப்பங்களாக 2, 3 என்றும் இடலாம். அல்லது ஒருவருக்கு மட்டும் புள்ளடி போடலாம். அந்தத் தேர்தலிலேதான் இரண்டாம் விருப்பை எண்ணும் நிலை நம் வரலாற்றில் முதன்முறையாக வந்தது. ஆகவே பத்திரிகையும் வானொலியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓயாது சொல்லிக் கொடுத்தன. பாராளுமன்றத் தேர்தலுக்கோ முறை வேறு. அங்கே முதலில் ஒரேயொரு கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் சின்னத்திற்கு நேரே புள்ளடி இடவேண்டும். அதன் பின்னரே, சீட்டின் கீழ்ப்பகுதியில் வேட்பாளரின் இலக்கங்கள் அச்சிடப்பட்ட கட்டங்களில் மூன்றுக்கு மேற்படாமல் விருப்பு வாக்குப் புள்ளடி இடலாம். நம் மாவட்டத்திற்கு நான்கு உறுப்பினர். ஒவ்வொரு பட்டியலிலும் மூவர் கூடுதலாக ஏழு பேர் போட்டியிடுவர். ஆகவே கட்டங்கள் ஒன்று முதல் ஏழு வரை. சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்திற்கு மட்டும் புள்ளடி போட்டால் சீட்டே செல்லாது. இரண்டு சின்னங்களுக்குப் போட்டாலும் செல்லாது. விருப்பு வாக்கு மூன்றைத் தாண்டினால் விருப்பு மட்டும் போகும், கட்சிக்கான வாக்கு நிற்கும்.

இவ்வளவுதான் விஷயம். கால் மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கலாம். அதைச் சொல்லிக் கொடுக்க யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கட்சிக்காரர் வருகிறார், அவர் தம் சின்னத்தைக் காட்டி, தம் இலக்கத்தைக் காட்டி, அங்கே போடு, இங்கே போடு என்கிறார். முறையைக் கற்பிப்பதில்லை, விடையைக் கற்பிக்கிறார். இலக்கத்தை மட்டும் மனனஞ்செய்துகொண்டு போன மூதாட்டி இலக்கத்திற்கே புள்ளடி இட்டு வருகிறாள். வாக்கெண்ணும் நிலையத்தில் அந்தச் சீட்டு வேறொரு குவியலுக்குப் போகிறது. அவளுக்கு அது தெரியப்போவதுமில்லை.

இந்த வாக்கு நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சற்றே நினைவூட்டவேண்டும். இளைஞர் பலருக்கு இது பாடப்புத்தகத்து ஒரு வரி. 1931 ஆம் ஆண்டுக்கு முன்னர் இலங்கையில் நூற்றுக்கு நான்கு பேரளவிற்கே வாக்குரிமை இருந்தது. சொத்தும் கல்வியும் உடைய ஆண்களுக்கே அது உரியது. 1927 இல் வந்த டொனமூர் ஆணைக்குழு ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை நல்குமாறு விதந்துரைத்தது. அன்றைய நம் பெருந்தலைவர்களிற் பலர் அதை எதிர்த்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களும் எதிர்த்தவர்களுள் ஒருவர். அப்பெரியாரின் மற்றைப் பணிகளுக்குத் தலைவணங்குகிறோம். இதில் அவர் பக்கம் நிற்க நம்மால் இயலாது. மறுபுறத்தில் 1927 இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம் ஆணைக்குழுவின் முன் சென்றது. தோட்டத்து இந்தியத் தமிழ்த் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்குவேண்டும் என்கிறீர்களா என்று டொனமூர்ப் பிரபு வினவியபோது, அவர்களும் பெண்களன்றோ என்று தயங்காது விடையிறுத்தவர் அக்னஸ் டி சில்வா அம்மையார். 1931 சூனில் தேர்தல் நடந்தது. பெரிய பிரித்தானியாவிலே ஆணுக்குச் சமமாகப் பெண் வாக்குப் பெற்றது 1928 இல். மூன்றே ஆண்டு இடைவெளியில் நம் ஊர்ப் பெண்கள் பெற்றார்கள். எழுத்தறியாதார் பலர் இருந்தமையால் அக்காலத் தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு நிறமாகப் பெட்டிகள் வைக்கப்பட்டன. சின்னங்கள் பின்னர் வந்தவை. வாக்களிக்கும் வயது 1959 இல் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. இங்கிலாந்தில் அது நிகழ்ந்தது 1969 இல், அமெரிக்காவில் 1971 இல், இந்தியாவில் 1989 இல். பதினெட்டு வயது இளைஞனை நம்புவதில் இந்நாடு அவர்கள் அனைவர்க்கும் முந்தியது. அந்நம்பிக்கைக்கு இளைஞர் என்ன கைம்மாறு செய்தார்கள் என்ற கேள்வியைப் பின்வரிசையில் நிற்கும் தம்பிமார் தங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளலாம்.

கொடுத்த வாக்கு பறிபோனதுமுண்டு. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஏழு பேரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. இடாப்பிலிருந்து அவர்கள் பெயர்கள் நீங்கின. 1952 தேர்தலில் அவர்கள் பிரதிநிதி ஒருவர்தாமும் இல்லை. அக்னஸ் அம்மையார் யாருக்காக விடையிறுத்தாரோ அந்தப் பெண்களின் பெயர்களே முதலில் அழிக்கப்பட்டன. துப்பாக்கி தேவைப்படவில்லை, இடாப்பில் ஒரு கோடு போதுமாயிருந்தது. அந்தக் குறை சட்டத்தால் முற்றாகத் தீர 2003 வரை செல்லவேண்டியிருந்தது. இடாப்பு என்பது எழுதுவினைஞரின் அலுவல், நமக்கென்ன என்று கூறுவோர் இந்த ஐம்பதாண்டை ஒருகால் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, இளைஞர் சங்கங்களின் பக்கம் வருவோம். தமிழர் வாழும் பகுதியில் தோன்றிய இளைஞர் இயக்கங்களுள் மிகச் சிறந்தது 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். ஹண்டி பேரின்பநாயகம் அவர்களும் அவரோடு நின்ற ஆசிரியர்களும் இளைஞர்களும் சாதி வேற்றுமையைச் சாடினர். சமபந்தி போசனம் நடத்தினர். தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தினர். சிங்கள இளைஞரோடு கைகோத்து முழுச் சுயராச்சியம் கேட்டனர். கட்சி ஆதாயம் கருதாதவர்கள். டொனமூர் அரசியலமைப்புச் சுயராச்சியம் தரவில்லை என்று கண்டு, 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அவர்கள் வேண்டினர். வடக்கிலே நான்கு தொகுதிகளில் வேட்புமனுவே தாக்கல் செய்யப்படவில்லை. நம் திருக்கோணமலை மட்டக்களப்போடு சேர்ந்த தொகுதியாய் அத்தேர்தலில் பங்குகொண்டது. தென்னிலங்கையும் பின்பற்றும் என்று எதிர்பார்த்தனர், தென்னிலங்கை வாக்களித்தது. 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. புதிய அரசாங்க சபையின் முதற் குழுக்கள் அமைந்தபோது அங்கே அத்தொகுதிகளுக்காகப் பேச ஆளில்லை.

அவர்களுடைய நோக்கம் தூயது, தியாகமும் மெய்யானது. பகிஷ்கரிப்பு சரியா தவறா என்று அறிஞர் இன்றும் வாதிடுவர். நாம் அதிலே காண்பது வேறொன்று. சாதாரண மனிதன் கையில் வாக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த ஆண்டு அது. அந்த வாக்கு எப்படிப்பட்ட கருவி, அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று ஊர் ஊராகக் கற்பிக்கத்தக்க படித்த இளைஞர் கூட்டம் ஒன்று வடக்கிலே இருந்தது. அக்கூட்டம் கற்பிப்பதற்கு முன்னரே தீர்ப்பைச் சொல்லிவிட்டது. நல்லெண்ணமுள்ள சங்கத்திற்கு வரும் சோதனை எப்போதும் இதுதான்: நாம் படித்தவர்கள், நாம் சொன்னால் ஊர் கேட்கும், ஆகவே சொல்லிவிடுவோம் என்ற எண்ணம். ஊர் கேட்கும் என்பது மெய். அதனால்தான் சொல்லாதிருக்கவேண்டும் என்கிறோம்.

வாக்களியாமை மக்கள் தாமே எடுத்த முடிவாயின் அதற்கும் மதிப்புண்டு. அச்சத்தால் வந்ததாயின்? 2005 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒன்றேகால் வீதமும் இல்லை. வெற்றி பெற்றவருக்கும் அடுத்தவருக்கும் நாடு முழுவதிலும் இருந்த வித்தியாசம் 180,786. 2001 திசெம்பரிலோ மறுபுறமாக நடந்தது: வன்னியிலும் மட்டக்களப்பிலும் வாக்களிக்கப் புறப்பட்ட மக்களுக்குச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன, அது அவர்கள் உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. ஒருவர் வாக்களிக்காதே என்றார், மற்றவர் வழியை மூடினார். நடுவில் நின்ற குடியானவனிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

கட்சி சாராமல் வாக்காளருக்குத் துணைநிற்கும் அமைப்புகள் இந்நாட்டில் இல்லாமலில்லை. நீதியும் சுதந்திரமுமான தேர்தலுக்கான மக்கள் இயக்கம், அதாவது நாம் பவ்ரல் என்று சுருக்கிச் சொல்வது, 1987 இல் தோன்றியது. தேர்தல் வன்முறையைக் கண்காணிக்கும் நிலையம் 1997 இல் அமைந்தது. சாவடிதோறும் நின்று பார்ப்பது மட்டும் இவர்கள் பணியன்று. அடையாள அட்டை இல்லாததால் வாக்களிக்க முடியாதிருந்த மக்களிடம் பவ்ரல் நடமாடும் சேவையாகச் சென்று, ஆட்பதிவுத் திணைக்களத்தாரை ஊருக்கே அழைத்துவந்து அட்டை கிடைக்கச் செய்தது. போரால் இடம்பெயர்ந்து பெட்டி படுக்கையோடு பிறப்புச் சான்றிதழையும் இழந்த கிழக்கு மாகாணத்து மக்களுக்கு இது எத்தகைய உதவி என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2015 மார்ச் 12 இல் வேட்பாளருக்கு இருக்கவேண்டிய எட்டுத் தகுதிகளை வகுத்து, அவற்றை ஏற்பதாகக் கட்சித் தலைவர்களிடமே கையொப்பம் பெற்ற மார்ச் 12 இயக்கமும் இத்தகையதே. கையொப்பமிட்டவர் எல்லாரும் காப்பாற்றினார்களா என்று கேளாதீர்கள். கேட்பதற்கு ஓர் ஏடு கையில் இருப்பதே முன்னேற்றம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டை நம் மேடைப் பேச்சாளர் மறவாது எடுத்துச் சொல்வர். குடவோலை, பராந்தக சோழன், 919, 921 எல்லாம் உண்மையே. ஆனால் காணியுடைய வேதியர்க்கு மட்டும் உரியதாயிருந்த அச்சபையை இன்றைய குடியாட்சி என்று பெருமை பேசுவது மிகை. அதில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒரு விதி: முன்னர் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் மீண்டும் வரக்கூடாது என்பது. நம் கந்தளாயிலும் சோழர் காலத்தில் ஊர்ச்சபை இருந்ததை அவ்வூர்த் தமிழ்க் கல்வெட்டுக் காட்டுகிறது. கணக்குக் கேட்கும் பழக்கம் நம் குளக்கரைக்குப் புதிதன்று என்ற அளவில் மகிழ்ந்து, மேலே செல்வோம்.

வெளிநாட்டில் இத்துறையில் நீண்டகாலம் நிலைத்தது அமெரிக்காவின் பெண் வாக்காளர் கழகம். கேரி சப்மன் கட் அம்மையார் முன்னின்று 1920 பெப்ருவரியில் அதனை அமைத்தபோது, அந்நாட்டுப் பெண்களின் வாக்குரிமைத் திருத்தம் இன்னும் நிறைவேறவில்லை. அது உறுதியானது அவ்வாண்டு ஆகத்தில்தான். வாக்கு வருமுன்னரே வாக்கைப் பயன்படுத்தும் கல்வியைத் தொடங்கினார்கள். நூறாண்டு கடந்தும் அக்கழகம் எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதுமில்லை. கொள்கைகளைப்பற்றிப் பேசும், ஆட்களைப்பற்றிப் பேசாது. இந்தக் கட்டுப்பாடு நம்மவர்க்குக் கடினம் என்பதை அறிவோம். தேநீர்க் கடையில் பத்து நிமிடம் ஆட்களைப்பற்றிப் பேசாதிருக்க நம்மால் முடிகிறதா?

ஆகவே நம் சங்கம் இப்பணியில் இறங்குமாயின் சில வரம்புகளை முதலிலேயே வகுத்துக்கொள்ளவேண்டும். கட்சியில் பொறுப்பு வகிப்பவர் சங்கத்தின் வாக்காளர் குழுவில் இருத்தல் ஆகாது. அவர் நம் நண்பராயிருக்கலாம், நன்கொடையாளராயிருக்கலாம், அக்குழுவில் மட்டும் வேண்டாம். வேட்பாளரிடமிருந்து ஒரு பந்துக்கும் ஒரு பந்தலுக்கும் பணம் வாங்கலாகாது. ஒரு வேட்பாளரை அழைத்தால் எல்லாரையும் அழைக்கவேண்டும். வர மறுத்தவரின் நாற்காலியை வெறுமையாக வைக்கலாம், அவரைப்பற்றி வசைபாடலாகாது. கோயில் வீதியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் வாக்குக் கேட்பதற்கு இடமளிக்கலாகாது. இந்தக் கடைசி வரம்பைக் கேட்டுப் பெரியோர் சிலர் தலையசைப்பதைக் காண்கிறோம். இளைஞர் சிலர் புன்னகைப்பதையும் காண்கிறோம்.

இன்னொன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் மாவட்டத்தில் எந்த இனமும் பாதிக்கு மேற்பட்டதன்று. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் இங்கே ஒரே குடாவைச் சுற்றி வாழ்கிறார்கள். இந்து இளைஞர் மட்டும் கூடி இந்துக்களுக்கு மட்டும் வாக்குமுறை கற்பித்தால், நாம் எவ்வளவு சத்தியம் செய்தாலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் அதை இனத்தின் அணிவகுப்பு என்றே பார்ப்பார்கள். அவர்கள் அவ்வாறு செய்தால் நாமும் அப்படியே பார்ப்போம். ஆகையால் பள்ளிவாசல் வாலிபரையும் தேவாலயத்து வாலிபரையும் விகாரைப் பக்கத்து வாலிபரையும் முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ளவேண்டும். மாதிரிச் சீட்டு ஒன்றே, புள்ளடிக்கு மதமில்லை. நம் சமயச் சங்கம் ஏன் இதில் தலையிடவேண்டும் என்று கேட்கும் அன்பருக்கும் இதுவே விடை: பசித்தவனுக்குச் சோறிடும்போது சாதி மதம் கேட்கக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம், எழுதத் தெரியாதவனுக்குச் சீட்டைக் காட்டிக் கொடுக்கும்போது மட்டும் கேட்கலாமோ?

முதல் வேலை இடாப்பு. ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பி.சி. படிவம் வீட்டுக்கு வருகிறது. வந்த படிவம் சுவாமிப் படத்தின் பின்னால் செருகப்பட்டுக் கிடப்பதும் உண்டு. நிரப்பிக் கொடுத்த பின்னர், நீக்கப்படவுள்ள பெயர்களும் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது பார்த்தால் திருத்தலாம், தேர்தலன்று சாவடியில் நின்று சத்தமிட்டால் திருத்த முடியாது. பதினெட்டு வயது நிறைந்தவர் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் துணை இடாப்பிற் சேர 2021 ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருக்கிறது. இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலேயே பதிவதற்கு 2013 இல் விசேட சட்டம் இயற்றப்பட்டது. சம்பூர் மக்களை நினையுங்கள். 2006 இல் ஊரைவிட்டு ஓடினார்கள். கிளிவெட்டியிலும் வேறிடங்களிலும் முகாம்களில் வாழ்ந்தார்கள். 2015 இல்தான் காணிகள் திரும்பத் தொடங்கின. ஒன்பது ஆண்டு ஊரில் இல்லாதவனுக்கு அந்த ஊரான் என்று சொல்ல எஞ்சியிருந்தவை காணி உறுதியும் இடாப்புப் பெயருந்தான். உறுதி பலரிடம் எரிந்துபோயிருந்தது. தென்னமரவாடி, திரியாய்ப் பக்கத்தவர்க்கும் இக்கதை புதிதன்று.

இரண்டாவது வேலை மாதிரிச் சீட்டு. அதைப்பற்றி முன்னரே சொன்னோம்.

மூன்றாவது வேலையே மிகக் கடினம். அதற்குக் கைதட்டலும் இராது. தேர்தல் முடிந்த மறுநாள் தொடங்கும் வேலை அது. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை இங்குள்ள எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். புதுப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மாற்றுவழியாக ஓடிய இழுவைப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதில் இருந்தார்கள். மாண்டவர்களிற் பலர் சிறுவர். அதன் பின்னர் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பழி யார்மீது என்ற வாதம் நாள்கணக்கில் நடந்தது. அந்த வாதத்துக்குள் நாம் புகவில்லை. அது நீதிமன்றத்தின் பாடு. நாம் கேட்பது அந்நாளுக்கு முன்னிருந்த நாட்களைப்பற்றி. அந்தப் பாதையில் எத்தனை பேர் ஏறலாம், யார் அதைச் சோதித்தார், எந்தத் திகதியில் சோதித்தார், உயிர்காப்பு அங்கி எத்தனை உண்டு என்று கடிதம் மூலம் கேட்கக்கூடிய சட்டம் அன்று நாட்டில் இருந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அது. 2017 பெப்ருவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரசையும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு செய்யவேண்டும். ஒரு காகிதமும் ஒரு முத்திரையும். இப்படியொரு கடிதம் போயிருந்தால் பாதை கவிழ்ந்திராது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கடிதத்துக்கு விடை எழுதவேண்டியவர் ஒருமுறையாவது துறைக்கு நடந்துபோய்ப் பார்த்திருப்பார்.

உள்ளூராட்சி மன்றத்தில் நடப்பதை நாம் பத்திரிகையில் படித்துக் குறைசொல்கிறோம். பிரதேச சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்ப்பதற்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது என்பதே நம்மிற் பலருக்குத் தெரியாது. குப்பை அள்ளாததற்கும், தெருவிளக்கு எரியாததற்கும், மழைக்கு வடிகால் நிரம்பி நீர் முற்றத்துக்கு வருவதற்கும் பாராளுமன்ற உறுப்பினரைத் தேடி ஓடுகிறோம். அவரும் பார்ப்போம் என்கிறார். அவருக்கும் அது தம் வேலையன்று என்று தெரியும். சொன்னால் வாக்குப் போய்விடுமே!

தேர்தலே நடவாதிருந்தால் என்செய்வது என்று இளைஞர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. 2023 மார்ச் 9 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அரசியற் கட்சிகளோடு பவ்ரலும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் நீதிமன்றம் சென்றன. 2024 ஆகத்து 22 இல் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல் தேர்தல் நடந்தது. அதற்கும் முன்னர், 1998 இல் ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் நிறுத்தப்பட்டபோது, சாதாரண வாக்காளர் இருவர் வழக்காடினர். வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று நீதிமன்றம் 1999 இல் கூறியது. இருவர்! ஒரு முச்சக்கர வண்டியில் ஏறினாலும் ஓர் இடம் மிஞ்சும். நம் கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8 இல். அச்சபையின் காலம் 2017 இல் முடிந்தது. அந்த ஆண்டில் பத்து வயதாயிருந்த பிள்ளை வாக்காளராகியும், மாகாண சபைக்கு ஒரு வாக்கும் இட்டறியாமல் இருக்கிறான். எந்தக் கட்சி வரவேண்டும் என்பது வேறு. கதவு திறக்கவேண்டும் என்று கேட்பதற்குக் கட்சி தேவையில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். தெருவுக்கு இருவர் தேவை. ஒருவர் இளைஞர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது அரசாங்க உத்தியோகத்தர். இளைஞருக்குக் கால் உண்டு, பெரியவருக்கு ஊர் தெரியும். இவர்களிற் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் நலம். ஏனெனில் பகலிலே படிவத்தை வாங்குவதும் நிரப்புவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே, அந்நிய ஆடவன் வந்து பெயர் கேட்டால் அவர்கள் கதவைச் சாத்துவது நியாயமே. ஒவ்வொரு வீட்டிலும் மூன்று கேள்விகள் போதும்: பதினெட்டு நிறைந்தவர் யார், இறந்தவர் பெயர் இன்னும் இருக்கிறதா, அடையாள அட்டை இல்லாதவர் எவர். வெளிநாட்டில் வேலைபார்ப்போர் பெயரையும் தனியே குறித்துக்கொள்க; 2024 இலும் அவர்கள் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை; அவர்களுக்காகக் கேட்கவேண்டியவர்களும் நாமே.

மாதிரிச் சீட்டில் எந்தக் கட்சியின் சின்னமும் வரலாகாது. பலாப்பழம், அகப்பை, ஓலைப்பாய் என்று எதையேனும் வரைக. ஆனால் தேர்தல்கள் ஆணைக்குழுவின் சின்னப் பட்டியலை முதலில் ஒருதரம் பார்த்துவிட்டு வரைக, அகப்பைக்கும் ஒரு கட்சி இருக்கக்கூடும். முதல் வகுப்பைச் சங்க மண்டபத்தில் வைக்கவேண்டாம். இங்கு வருவோர்க்குப் பெரும்பாலும் முறை தெரியும். மீன்சந்தைப் பக்கத்தில் வைப்போம். விடியலில் கரைசேர்ந்தவர்கள் வலை உலர்த்தி உறங்கி எழும் நேரமாகிய மாலை நான்கு மணியே தோதானது. பெயர்தர விரும்புவோர் வாசலில் வைத்திருக்கும் கொப்பியில் தெருவின் பெயரையும் எழுதிச் செல்க.